பி.பி.ஏ.வுக்குப் பன்னிரண்டு லட்சமா?

நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு, 600-க்கு 521. வீட்டில் ஒன்றரை ஏக்கர் மல்லிகை. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் அந்த அம்மாவின் அண்ணன், "பி.பி.ஏ. சேரு, அதுவும் பெரிய யூனிவர்சிட்டில சேரு" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். பி.பி.ஏ. என்பது மூன்று வருட வணிக நிர்வாகப் பட்டம். கட்டணம் ஆண்டுக்கு இரண்டே முக்கால் லட்சம், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றேகால். "நிலத்தை வச்சாவது படிக்க வைக்கணும்னு இருக்கோம் சார், ஆனா ராத்திரி தூக்கம் வரல" என்று எழுதியிருக்கிறார். கடைசி வரியில், எதற்கோ போகிற போக்கில், "எங்க மகளிர் குழுவோட கணக்கு நோட்டு, தீர்மான நோட்டு எல்லாம் ரெண்டு வருஷமா இவதான் எழுதுறா" என்று ஒரு சேதி.

அம்மா, 521 நல்ல மதிப்பெண். பெண் கெட்டிக்காரி. ஆறுதல் அவ்வளவுதான். தூக்கம் வராதது நியாயமே.

மூன்று வருடத்துக்கு 12 லட்சம். வழக்கமான கல்விக்கடனில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். அங்கேதான் உங்கள் பூந்தோட்டம் வருகிறது. பத்தரை சதவீத வட்டியில் பத்து வருடத் தவணை என்றால் மாதம் பதினாறாயிரத்துக்குக் குறையாது. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. பி.பி.ஏ. மட்டும் முடித்த பெண்ணின் முதல் சம்பளம் அந்தத் தவணைக்கே சரியாகப் போய்விடக்கூடும். அண்ணன் தவணை கட்டப்போவதில்லை. எழுத்தில் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அந்தப் பணத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது? எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதலாண்டில் மேலாண்மைக் கோட்பாடுகள் என்றொரு தாள் இருக்கும். பிரான்சில் சுரங்க நிறுவனம் ஒன்றை நடத்திய ஹென்றி ஃபயோல் 1916-ல் வகுத்த 14 கோட்பாடுகள், உருக்காலையில் ஸ்டாப்வாட்சோடு நின்று வேலையை அளந்த டெய்லர், சிகாகோ அருகே ஹாத்தார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள், மாஸ்லோவின் தேவைப் படிநிலை. கூடவே கணக்கியல், வணிகப் பொருளாதாரம். நல்ல பாடங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அரசுக் கல்லூரியிலும் இதே ஃபயோல், இதே டெய்லர். மூன்று லட்சம் கட்டினால் பதினைந்தாவது கோட்பாடு ஒன்றைத் தனியாகக் காதில் ஓதப்போவதில்லை.

கல்லூரியின் வண்ணப் புத்தகத்தில் "ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். 2024-25 முதல் பி.பி.ஏ. நடத்தும் சாதாரணக் கல்லூரிகளும் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. வேலைவாய்ப்புப் பக்கத்தில் சிரிக்கும் முகங்களில் எத்தனை பேர் பி.பி.ஏ., எத்தனை பேர் பொறியியல் என்று மட்டும் கேளுங்கள். பதில் வருவதற்குள் வேறு பேச்சுக்குத் தாவுவார்கள்.

சி.ஏ., எம்.பி.ஏ., ஐ.ஐ.எம்.மின் ஐந்தாண்டுப் படிப்பு எல்லாம் அண்ணனே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன். அந்தக் கடைசி வரிக்கு வருவோம்.

பதினாறு வயதில் ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு அம்மாக்களின் சேமிப்பையும் கடனையும் வட்டியையும் எழுதி, யார் தவணை தவறினார்கள் என்பதைச் சண்டை வராமல் எடுத்துச் சொல்லி, தீர்மானத்தில் கையெழுத்தும் வாங்குகிறாள் என்றால், அவள் நிர்வாகத்தை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள். அதை முறையாகச் சொல்லித்தரும் பட்டம் ஒன்று இருக்கிறது: பி.காம். கூட்டுறவு. பல அரசு கலைக் கல்லூரிகளில் உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் கூட்டுறவுக்கென்று தனித் துறை இருக்கிறது. பேர் பழசாக ஒலிப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கூட்டுறவு என்றதும் ரேஷன் கடை வரிசைதான் கண்ணில் வரும். அதுவும் அதில் சேர்த்திதான், ஆனால் அது ஒரு ஓரம். சென்னையில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, மாவட்டங்களில் மத்திய கூட்டுறவு வங்கிகள், கிராமங்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள். ஆவினுக்குப் பால் ஊற்றும் சங்கங்கள், நகரக் கூட்டுறவு வங்கிகள், கோ-ஆப்டெக்ஸ், வீட்டு வசதிச் சங்கங்கள் வேறு. உங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு காலை நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம் சிட்டாவும் அடங்கலும் வைத்துக்கொண்டு பயிர்க்கடனுக்கு ஒருவர் நிற்பார். பின்னால் உர மூட்டை இறங்கும். வங்கி, கொள்முதல், விற்பனை, தணிக்கை எல்லாம் ஒரே கூரைக்குள் நடக்கும்.

ஃபயோல் சொன்னதில் ஒன்று, ஒரு ஊழியருக்கு ஒரே மேலதிகாரி என்பது. சங்கச் செயலாளருக்கோ இந்தப் பக்கம் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு, அந்தப் பக்கம் அரசின் கூட்டுறவுத் துறைச் சார்பதிவாளர். இருவர் சொல்வதும் முட்டிக்கொள்ளும்போது 1983-ம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தைப் புரட்டிவைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்க வேண்டும். குளிரூட்டிய வகுப்பில் திரையில் படம் காட்டிச் சொல்லித்தர முடியாத பாடம் இது.

பி.காம். கூட்டுறவு கிடைக்கவில்லையா? அரசுக் கல்லூரியில் பி.பி.ஏ.வே எடுக்கட்டும். முடித்ததும் கூட்டுறவு மேலாண்மை நிலையத்தில் ஓராண்டு முழுநேரப் பட்டயப் பயிற்சி. அதன் கட்டணம் இருபதாயிரத்தை ஒட்டியது. கணினியும் நகை மதிப்பீடும் அதில் சேர்த்தே சொல்லித்தருகிறார்கள். கூட்டுறவு வங்கி, சங்க உதவியாளர் பணிக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் பட்டத்தோடு இந்தப் பயிற்சியையும் கேட்கிறது. இப்பாடத்தையே பட்டமாகப் படித்தவர்களுக்கு விலக்குத் தரும் வழக்கம் உண்டு. எந்தப் பட்டத்துக்கு என்பதை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை தடவ மாட்டேன். ஆள் எடுப்பு வருடா வருடம் வராது. தேர்வும் நேர்முகமும் உண்டு, போட்டியும் உண்டு. ஆரம்பச் சம்பளத்தைச் சொல்லி உங்கள் அண்ணனை வாயடைக்க முடியாது. சங்கங்களில் உள்ளூர் அரசியல் மூக்கை நுழைக்கும். ஆனால் வேலை கிடைக்கத் தாமதமானாலும் தலையில் கடன் இருக்காது. கணக்கும் தணிக்கையும் தெரிந்த பெண் அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம்.

"நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது காலேஜ் பேரைக் கேப்பாங்க" என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். யாரோ என்றோ கேட்கப்போகும் கேள்விக்காக இன்று நிலத்தை ஈடு வைக்கச் சொல்வது உறவு செய்கிற வேலையில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே சமயம், நான் சொல்கிறேன் என்று பெண்ணைக் கூட்டுறவில் தள்ளவும் வேண்டாம். "நோட்டு எழுதுறது அம்மாவுக்காக, எனக்குப் பிடிக்கல" என்று அவள் சொன்னால் இந்தக் கடிதத்தின் பாதியைக் கிழித்துவிடுங்கள். செலவைப் பற்றிய பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்துக்குப் பதிவும் சேர்த்து 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய். இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மற்றக் கட்டணங்கள் வருடத்துக்குச் சில ஆயிரங்கள்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஐந்து கல்லூரிகள் வரை குறிக்கலாம். எது முதலில், எது கடைசி என்ற வரிசையை அவளே போடட்டும். அண்ணன் அன்று போன் செய்தால், அவள் விண்ணப்பத்தை அனுப்பி முடித்த பிறகு எடுங்கள்.