அரதப்பழசு: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

கேள்வி: பழைய தையல் மெஷின் ஒன்றை விற்க விளம்பரம் எழுதுகிறேன். ‘அரதப்பழசு’ என்று போடலாமா? ‘அதரப்பழசு’ என்றும் சொல்கிறார்களே, எது சரி?

பதில்: விளம்பரத்தில் வேண்டாம். இந்தச் சொல் வயதை மட்டும் சொல்வதில்லை, ‘இனி இது உதவாது’ என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடும். சக்கரம் கிறீச்சிட்டாலும் தையல் சீராக விழுகிற மெஷின் ‘பழையது’தான். துருவேறி, ஊசிக்கம்பி இறங்காமல், மாற்ற உதிரிபாகமும் கிடைக்காமல் கிடந்தால் அது அரதப்பழசு. விற்பவர் எழுத வேண்டியது வாங்கிய ஆண்டும் இப்போதைய நிலையும்.

எழுத்துக்கு வருவோம். அச்சில் பரவலாக இருப்பது ‘அரதப்பழசு’. அதையே ஒரே சொல்லாக, ‘ப்’ விடாமல் எழுதுங்கள். பேச்சில் ‘அரதல் பழசு’ என்பதும் உண்டு. ‘அற’ என்றால் முற்றிலும் (அறப் படித்தவன் என்கிறோமே, அந்த ‘அற’). அதையொட்டி ‘அறதப்பழசு’ என்று வல்லின றகரம் போடுவோரும் இருக்கிறார்கள். பொருளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ‘அதரப்பழசு’ எழுத்து இடம் மாறியதால் வந்தது. அதரம் என்றால் உதடு. அதற்கும் பழசுக்கும் ஒட்டே இல்லை.

புதியது ‘புதுசு’ ஆனதுபோலப் பழையது ‘பழசு’ ஆனது. ஆகவே இது பெயர்ச்சொல். ‘இந்த ரேடியோ அரதப்பழசு’ என்று வாக்கியத்தை முடிக்கலாம். இன்னொரு பெயருக்கு முன்னால் வந்தால் ‘அரதப்பழசான ரேடியோ’. பேச்சில் ‘ஆன’ உதிர்ந்துவிடும், எழுத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. ‘ரொம்ப அரதப்பழசு’ என்பது மிகை. ‘ரொம்ப’ உள்ளேயே இருக்கிறது. ‘அரதப்புதுசு’ என்று ஒன்று கிடையாது.

பொருளுக்கு மட்டுமல்ல, சலித்துப்போன எதற்கும் இது கச்சிதமாகப் பொருந்தும்: அரதப்பழசான ஜோக், அரதப்பழசான சாக்கு. பலமுறை கேட்டுப் புளித்த எரிச்சலை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறு சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

மனிதர்களைச் சொல்லாதீர்கள், அது அவமதிப்பு. ஒருவருடைய கருத்து பழசென்றால் ‘பழைய பஞ்சாங்கம்’ என்பார்கள். அதுவும் கிண்டல்தான், முகத்துக்கு நேரே வேண்டாம். கோயில், கல்வெட்டு, ஓலைச்சுவடிக்குப் ‘பழமையான’, ‘தொன்மையான’. மூத்த கலைஞருக்குப் ‘பழம்பெரும்’.

‘தட்டுமுட்டுச் சாமான்’ என்பதையும் இதற்குப் பதிலாகப் போடுகிறார்கள். அது வீட்டில் புழங்கும் சில்லறைப் பொருள்களைக் குறிக்கும். நேற்று வாங்கிய கரண்டியும் அதில் அடங்கும். உடைந்து தேறாதவற்றுக்கு ‘ஓட்டை உடைசல்’ இருக்கிறது.