பழைய பில்லிங் பெட்டிக்கு ஒரு புது வீடு: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். மூன்று கம்ப்யூட்டர். ஒன்று விண்டோஸ் 7, பழைய பில்லிங் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும். எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. இன்னொன்றில் கணக்கு எழுதும் டேலி. மூன்றாவதில் ஸ்கேன் செய்த பில்கள். "ஒரே சர்வர் வாங்கி விர்ச்சுவலைசேஷன் போட்டுக்கலாம் சார், கரண்ட் மிச்சம்" என்கிறார் சர்வீஸ் பையன். செலவு வைக்கப் பார்க்கிறாரா?

விர்ச்சுவலைசேஷன் என்றால் ஒரே கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேர் மூலம் பல கம்ப்யூட்டர்களைத் தனித்தனியாக ஓட்டுவது, அப்படி ஓடுகிற ஒவ்வொன்றும் ஒரு விர்ச்சுவல் மெஷின். அதில் விஷயம் இருக்கிறது, ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக வாங்காதீர்கள். 60 வாட் இழுக்கிற ஒரு டெஸ்க்டாப் ராப்பகலாக ஓடினாலே மாதம் 43 யூனிட்தான் வரும், நீங்களோ கடை சாத்தும்போது அணைத்துவிடுவீர்கள். அந்த மிச்சத்தில் சர்வர் விலை இந்த ஜென்மத்தில் திரும்பாது.

உங்களுக்கு லாபம் அந்த விண்டோஸ் 7 பெட்டியில் இருக்கிறது. நம் ஊர் உப்புக்காற்றில் அதன் மதர்போர்டு நாளைக்குப் போனால் என்ன செய்வீர்கள்? அதே மாதிரி போர்டு தேடி சென்னை ரிச்சி தெரு வரைக்கும் அலைய வேண்டும், கிடைத்தால் அதிர்ஷ்டம். விர்ச்சுவல் மெஷினாக மாற்றிவிட்டால் விண்டோஸ், பில்லிங், டேட்டா, பிரிண்டர் செட்டிங் என்று அந்த முழுக் கம்ப்யூட்டரும் டிஸ்க்கில் சில ஃபைல்களாகக் கிடக்கும். காப்பி எடுக்கலாம், வேறு பெட்டியில் போட்டு ஸ்டார்ட் செய்யலாம், அடியில் இருப்பது எந்தக் கம்பெனி போர்டு என்பது அந்த விண்டோஸுக்குத் தெரியவே தெரியாது. இது புதுசும் இல்லை. ஐ.பி.எம். 1960களிலேயே தன் பெரிய மெஷின்களில் செய்ததுதான், 1999-ல் வி.எம்.வேர் என்ற கம்பெனி சாதாரண கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது, 2005-லிருந்து இன்டெல் சிப்பிலேயே அதற்கான வசதி வர ஆரம்பித்தது.

இன்னொன்று. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் அதற்கு மட்டும் இன்டர்நெட்டைக் கொடுக்காமல் பூட்டி வைக்கலாம், ஜி.எஸ்.டி. வேலையைப் பக்கத்து மெஷினில் பார்த்துக்கொள்ளலாம்.

சர்வர் வாங்குமுன் ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். டேலி கம்ப்யூட்டர் ஓரளவு புதிதா? விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சி.பி.யு. மேல் கிளிக் செய்தால் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி தெரியும். 'டிசேபிள்டு' என்று காட்டினால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கிற செட்டிங் பக்கம்) போய் ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் பழைய பெட்டியில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிற டிஸ்க்2வி.ஹெச்.டி. என்ற சாஃப்ட்வேரை ஓட்டுங்கள். அது சி டிரைவை அப்படியே ஒரு ஃபைலாக எழுதிக் கொடுக்கும், கடையை நிறுத்த வேண்டியதில்லை. அந்த ஃபைலை டேலி கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேரில் கொடுத்து ஸ்டார்ட் செய்தால் பழைய டெஸ்க்டாப் ஐகான்களோடு எழுந்து நிற்கும். நீலத்திரை வந்து 7பி என்று ஒரு எண் காட்டினால் பயப்படாதீர்கள், விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்கில் டிஸ்க் கன்ட்ரோலரை, அதாவது டிஸ்க்கை இணைக்கிற முறையை, சாட்டாவிலிருந்து ஐ.டி.ஈ.க்கு மாற்றிப் பார்க்கச் சர்வீஸ் பையனிடம் சொல்லுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தைப் பையன் சொல்லியிருக்க மாட்டார். கம்ப்யூட்டரோடு கூடவே வந்த ஓ.இ.எம். விண்டோஸ் லைசென்ஸ் அந்தப் பெட்டியோடு சரி, விர்ச்சுவல் மெஷினுக்குக் கூட வராது. டேலியை மாற்றுவதாக இருந்தால் பழைய மெஷினில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள்.

வெள்ளோட்டம் சரியாக வந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் இரண்டு எஸ்.எஸ்.டி. டிஸ்க் கண்ணாடி பிம்பமாக, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்படி ஓடட்டும், ராம் 32 ஜி.பி. இருக்கட்டும், யு.பி.எஸ். நல்லதாக இருக்கட்டும். மூன்று குடித்தனம் ஒரே வீட்டில் வந்த பிறகு மோட்டார் ரிப்பேர் என்றால் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வராது, அந்த ஆபத்தும் கூடவே வருகிறது. பழைய பெட்டி ஒன்றை ஓரமாக வைத்திருங்கள்.

சேதராப்பட்டில் சின்ன பேக்கிங் யூனிட். லேபிள் மெஷினின் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்.பி.யில்தான் ஓடுகிறது. இதையும் மாற்றலாமா?

எந்த வயரில் பேசுகிறது என்பதைப் பொறுத்தது. சீரியல் போர்ட் என்றால் பெரும்பாலும் வேலை செய்யும். யு.எஸ்.பி. டாங்கிள் (சாஃப்ட்வேர் ஓடுவதற்குச் சாவி மாதிரி சொருகுகிற சின்னக் கருவி) என்றால் அதைக் குறிப்பிட்ட ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கே ஒதுக்கிவிடலாம். கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டு சொருகியிருக்கிறது என்றால் அதில் கை வைக்காதீர்கள். அதே போர்டு ஒன்றை செகண்ட்ஸில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

புதுச்சேரி நேரு வீதியில் ஜவுளிக்கடை. எல்லாம் ஏற்கெனவே விர்ச்சுவல்தான். தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம், அது பேக்கப்புக்குச் சமம்தானே?

இல்லவே இல்லை. ஸ்னாப்ஷாட் என்பது மெஷின் அந்த நிமிடம் இருந்த நிலைக்குத் திரும்பப் போவதற்கான ஒரு பதிவு. அது அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போச்சு. அப்டேட் போடுமுன் ஒன்று எடுத்து, எல்லாம் சரி என்று தெரிந்ததும் அழித்துவிடுவதற்குத்தான் அது. மாதக்கணக்கில் சேர்த்துவைத்தால் டிஸ்க் நிரம்பி ஒரு நாள் மெஷினே நின்றுவிடும். முழு மெஷினையும் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அதுவும் தரைத்தளத்தில் வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதைப் புதுச்சேரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒரு முறையாவது அந்த பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் போட்டு ஒரு பில் அடித்துப் பாருங்கள். திறந்தே பார்க்காத பேக்கப்பை நம்பித்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

மஞ்சக்குப்பத்தில் ஆடிட்டர் ஆபீஸ். வி.எம்.வேர் போட்டுக் கொட்டேஷன் வந்திருக்கிறது, தலை சுற்றுகிறது.

2023 நவம்பரில் பிராட்காம் அந்தக் கம்பெனியை வாங்கியது, அதற்கடுத்த மாதமே ஒரு முறை காசு கொடுத்து நிரந்தரமாக வாங்குகிற லைசென்ஸை நிறுத்திவிட்டது. இனி சந்தாதான். உங்கள் அளவுக்கு அது வேண்டாம். விண்டோஸ் 11 புரோவிலேயே விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிற ஹைப்பர்-வி இருக்கிறது, ஹோம் பதிப்பில் கிடையாது. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு வாங்கினால் ஒரு லைசென்ஸில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம். லினக்ஸ் பழகியவர் கையில் கிடைத்தால் அதே வேலையைச் செய்கிற, வியன்னாவிலிருந்து வருகிற பிராக்ஸ்மாக்ஸ் இலவசம், சந்தா கட்டுவது உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால், ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் போன் அடித்தால் எடுக்கிற ஆளுக்கு எது தெரியுமோ அதைப் போடுங்கள்.