கேள்வி பதில்: போர்க்கால விமானந்தாங்கிகளின் வண்ணங்களும் தளக் குறிகளும்

கேள்வி: மிட்வே போரில் (1942இல் பசிபிக்கில் ஜப்பானும் அமெரிக்காவும் மோதிய கடற்போர்) இருந்த நிலையில் ஜப்பானின் 'ஹிர்யூ' விமானந்தாங்கியை மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஓடுதளத்தின் முன்பகுதியில் பெரிய சிவப்பு வட்டம் வேண்டுமா? எதிரிக்கு இலக்குக் காட்டியதுபோல் ஆகாதா?

பதில்: தயங்காமல் வரையுங்கள். 1942 ஜூன் 4 அன்று அமெரிக்க பி-17 விமானத்திலிருந்து எடுத்த படத்தில், குண்டுகளுக்குத் தப்பி வளைந்தோடும் ஹிர்யூவின் தளத்தில் அந்த வட்டம் பளிச்சென்று தெரிகிறது. அது சொந்த விமானிகளுக்கான அடையாளம். அதற்கு முந்தைய மாதம்தான், பவளக் கடல் போரில், அந்தி நேரத்தில் வழி தவறிய ஜப்பானிய விமானிகள் சிலர் அமெரிக்கக் கப்பல்களைத் தங்களுடையவை என்று நினைத்து இறங்கப் பார்த்தார்கள். நீங்கள் பயப்படுவதும் நியாயம்தான்: மிட்வேயில் அந்த வட்டத்தையே குறிவைத்ததாக அமெரிக்க விமானிகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: ஹிர்யூ, சோர்யூ இரண்டும் ஒரே சாயல். விமானிகள் குழம்பவில்லையா?

பதில்: குழம்பக் கூடாது என்றுதான் தளத்தின் பின்கோடியில், இடப்பக்கம், கப்பல் பெயரின் முதல் எழுத்தைக் கதகானாவில் (ஜப்பானிய எழுத்து வகைகளில் ஒன்று) பெரிதாக எழுதினார்கள். ஹிர்யூவுக்கு 'ஹி', சோர்யூவுக்கு 'சா' (பழைய எழுத்துமுறையில் அந்தப் பெயர் அப்படித்தான் தொடங்கும்). கட்டுப்பாட்டுக் கோபுரம் ஹிர்யூவில் இடப்புறம், சோர்யூவில் வலப்புறம். மாதிரி செய்பவர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளில் இவை இரண்டும் உண்டு. இதே சிக்கல் அமெரிக்கர்களுக்கும் இருந்தது. போருக்கு முன், இரட்டைக் கப்பலான லெக்சிங்டனிலிருந்து பிரித்தறிய 'சரடோகா'வின் புகைபோக்கியில் அகலமான கறுப்புப் பட்டை ஒன்றைச் செங்குத்தாகப் பூசினார்கள்.

கேள்வி: டூலிட்டில் தாக்குதலின்போது (விமானந்தாங்கியிலிருந்து கிளம்பி ஜப்பான் மீது அமெரிக்கர்கள் குண்டு வீசியது) 'ஹார்னெட்' தளத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் எதற்கு?

பதில்: ஒன்று மூக்குச் சக்கரத்துக்கு, மற்றது இடச் சக்கரத்துக்கு. அதில் கிளம்பிய பி-25 குண்டுவீச்சு விமானம் தரைப்படையுடையது. இறக்கை அகலம் ஏறத்தாழ 20 மீட்டர். கோட்டை விட்டு விலகாமல் ஓடினால்தான் வலது இறக்கை கோபுரத்தில் இடிக்காது. அப்போதும் கிடைத்த இடைவெளி சுமார் ஆறடிதான். 1942 ஏப்ரல் 18 அன்று 16 விமானங்களும் அப்படியே கிளம்பின. எனக்குத் தெரிந்து இவ்வளவு உபயோகமான இரண்டு கோடுகளை வேறெந்தக் கப்பலும் சுமக்கவில்லை.

கேள்வி: அமெரிக்கத் தளத்துக்குப் பழுப்பா, நீலமா?

பதில்: ஆண்டைச் சொல்லுங்கள், நிறத்தைச் சொல்கிறேன். போருக்கு முன் செம்பழுப்புச் சாயம், மஞ்சள் கோடுகள். 1941 முதல் நீலச் சாயம். மரப்பலகையில் ஏற்றிய சாயம் என்பதால் வெயிலில் கிடந்த துணியாக வெளுக்கும். தளம் முழுக்க ஒரே நீலத்தைத் தெளித்துவிட்டு 'முடிந்தது' என்று படம் அனுப்பாதீர்கள்!

கேள்வி: கோணல்மாணலான 'டாஸில்' வண்ணத்தை 1945இல் ஏன் கைவிட்டார்கள்?

பதில்: அது நீர்மூழ்கியிலிருந்து பெரிஸ்கோப்பில் பார்ப்பவனுக்காக வந்தது. கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று கணிக்க முடியாமல் அவனைத் திணறடிக்கும். 1945இலோ பெரிய ஆபத்து வானத்திலிருந்து, காமிகாசி (கப்பல்மீது மோதும் ஜப்பானியத் தற்கொலை விமானங்கள்) உருவில் வந்தது. மேலிருந்து பார்த்தால் கறுப்பும் வெளிர்சாம்பலும் கலந்த பட்டைகள் கப்பலைக் காட்டிக்கொடுக்கும். கடலோடு கலப்பது கருநீலம்தான். எசெக்ஸ் என்ற விமானந்தாங்கி வகையில், பழைய கப்பலின் பெயரோடு வந்த புதிய 'லெக்சிங்டன்' டாஸில் பக்கமே போகாமல் முழுக் கருநீலத்தில் இருந்தது. மூழ்கடித்துவிட்டோம் என்று ஜப்பானியர் அறிவிப்பார்கள், அது மறுபடி வந்து நிற்கும்; 'நீலப் பேய்' என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டியது.

கேள்வி: ஜப்பானியக் கப்பல்களுக்குப் பச்சை பூசியது உண்மையா?

பதில்: உண்மை, ஆனால் போரின் கடைசிக் கட்டத்தில். உடற்பகுதியில் வெளிர்பச்சை, அதன்மேல் சரக்குக் கப்பலின் நிழலுருவை அடர்பச்சையில் வரைந்தார்கள், நீர்மூழ்கிக்காரர்களை ஏமாற்ற. தளத்தில் செய்த ஒப்பனையைப் பார்க்க, 1944 அக்டோபர் 25 அன்று அமெரிக்க விமானத்திலிருந்து எடுத்த, 'ஸுய்ஹோ' என்ற ஜப்பானிய விமானந்தாங்கியின் படத்தைத் தேடுங்கள். படம் கறுப்பு வெள்ளை. எனவே பட்டைகளின் வடிவத்தை அதிலிருந்து எடுங்கள், நிறத்தை எடுக்காதீர்கள்.