முன்பக்கத்து அறை

கேள்வி: என் சொந்த ஊர் தேவகோட்டை, இப்போது பெங்களூரில் இருக்கிறோம். தீபாவளி விடுமுறையில், சென்னையில் புறப்பட்டு இலங்கைக்குப் போய்த் திரும்பும் ஐந்து நாள் உல்லாசக் கப்பலில் அம்மாவையும் (வயது 68) அழைத்துச் செல்கிறோம். அவர்களுக்குக் காரில் பிள்ளையார்பட்டி வரை போனாலே தலை சுற்றி வாந்தி வந்துவிடும். எனக்கும் என் கணவருக்கும் கப்பலின் நடுவில் பால்கனி வைத்த அறையும், அம்மாவுக்கும் எங்கள் 4, 7 வயதுக் குழந்தைகளுக்கும் முன்பக்கத்தில் சன்னல் இல்லாத அறையும் பதிவு செய்திருக்கிறோம். கடல் கொந்தளித்தால் அம்மா படுத்துவிடாமல் இருக்க எந்த மாத்திரை நல்லது?

பதில்: இக்காலக் கப்பல்கள் அவ்வளவாக ஆடுவதில்லை என்று நான் ஆறுதல் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழையும் புயல் சின்னங்களும் வங்கக் கடலைக் கலக்கும் மாதங்களில் நீங்கள் புறப்படுகிறீர்கள். அதையும்கூட மன்னித்துவிடலாம், மாத்திரையைப் பற்றி எழுத வந்த இடத்தில் போகிற போக்கில் ஓர் அறைக் கணக்கு சொல்லியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

பிள்ளைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையில் நடுவில் இருப்பவருக்கு அசைவே தெரியாது, நுனியில் இருப்பவர் மேலும் கீழும் போய் வருவார். கப்பலும் அப்படித்தான். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க நீருக்கடியில் துடுப்பு போன்ற சிறகுகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அலை எதிரே வரும்போது முன்பக்கம் தூக்கிப் போடுவதை அவை பெரிதாகத் தடுப்பதில்லை. நடுவிலும் கீழ்த்தளத்திலும்தான் ஆட்டம் மிகக் குறைவு. உட்செவி அசைவை உணர்ந்துகொண்டிருக்க, கண்ணோ அசையாத சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. தொடுவானத்தைப் பார்த்தபடி காற்றில் இருந்தால் அது தணியும். ஆக, காரில் வாந்தி எடுக்கும் பெண்மணிக்கு அந்தக் கப்பலில் மிகவும் ஆகாத இடம் எதுவோ, அதைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டு, என்னிடம் மாத்திரை கேட்கிறீர்கள்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறித் திறந்த தளத்தில் பாய் விரித்துக்கொண்டு போனதாகவும், முதல் இரண்டு நாள் நாரத்தங்காய் ஊறுகாயைத் தவிர வாயில் எதுவும் வைக்கவில்லை என்றும் சொல்வார். அவருக்காவது கடலும் காற்றும் கண்ணெதிரே இருந்தன. உங்கள் தாயாருக்கு நீங்கள் வாங்கியிருப்பது நான்கு சுவர்.

அந்தச் சுவர்களுக்குள் உங்கள் பிள்ளைகள் இருவரையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். கடல் மயக்கம் அதிகம் தாக்குவது 2 வயது முதல் 12 வயது வரையிலான குழந்தைகளை என்பதால், அலை எழும்பும் இரவில் அங்கே வாந்தி எடுப்பவர்கள் மூவராகவும் துடைப்பவர் ஒருவராகவும் இருக்கக்கூடும். அவோமின் போன்ற மாத்திரைகளைப் புறப்படுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டால் பலன் உண்டு. வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு போட்டால் அந்த அளவுக்குப் பலன் இருக்காது. ஆனால் அவை தூக்கத்தை வரவழைப்பவை. 68 வயதில், ஆடுகிற தரையில், தூக்கக் கலக்கத்தோடு எழுந்தால் கீழே விழவும் நேரலாம். கண் அழுத்த நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. வாந்தியும் வரக் கூடாது, உறங்கவும் கூடாது, இரவெல்லாம் நான்கு வயதுக் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், அப்படி ஒரு மாத்திரையை இன்னும் யாரும் செய்யவில்லை.

நம் பக்கத்தில் மகள் வயிற்றுப் பிள்ளைகள் பாட்டியை 'ஆயா' என்று கூப்பிடுவார்கள். நகரத்தில் அதே சொல்லுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு குழந்தை பார்ப்பவள் என்று பொருள். நீங்கள் எந்தப் பொருளில் அழைத்துப் போகிறீர்கள்? பேரப்பிள்ளைகளோடு படுக்க அவர்களுக்கு ஆசை இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆசையாகச் செய்வதை வேலையாக ஒப்படைக்க மகளுக்கு உரிமை கிடையாது. சம்பளம் கொடுத்தவளிடமாவது வேலை நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வோம்.

இன்றே தொலைபேசியில் கேளுங்கள். "உங்களுக்கு எது சௌகரியமோ" என்று பதில் வந்தால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டு ஆச்சிகள் "வேண்டாம்" என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அப்படி வந்தால் பதிவை ரத்து செய்துவிட்டு, தீபாவளிக்கு நீங்கள் தேவகோட்டைக்கு வந்து சேருங்கள். உண்மையிலேயே கடலைப் பார்க்க ஆசை என்று சொன்னால், பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளி வையுங்கள்; அப்போது இந்தக் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். நடுவில் இருக்கும் பால்கனி அறையை அவர்கள் பெயருக்கு மாற்றி, காலையில் எண்ணெய் இல்லாத இட்லியும் இஞ்சித் துண்டும் கொடுத்து, வெளியே உட்கார வையுங்கள். முன்பக்கத்து அறையில் உங்கள் பிள்ளைகளோடு நீங்களும் உங்கள் கணவரும் படுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைச் சீட்டையும் உங்கள் பெயரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.