குழந்தைகள் யூராலஜி சீரமைப்பு அறுவை சிகிச்சைக்கு கோடிங்: எதில் கவனம் வைக்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்க மெடிக்கல் கோடிங்கில் (சிகிச்சைகளை இன்சூரன்ஸ் பில்லுக்கான கோடுகளாக மாற்றும் வேலை) பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். இப்போது குழந்தைகள் யூராலஜிக்கு (சிறுநீர் உறுப்புகள் பிரிவு) மாற்றியிருக்கிறார்கள். ஹைப்போஸ்பேடியாஸ் கேஸ்களில்தான் டினையல் (இன்சூரன்ஸ் பணம் தர மறுப்பது) அதிகம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

நானும் இதே பிரிவில் கோடராக இருக்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது: ஆப்பரேட்டிவ் நோட்டின் (அறுவை சிகிச்சைக் குறிப்பு) தலைப்பை நம்பி கோடு போடாதீர்கள். உள்ளே சர்ஜன் என்ன செய்தார் என்று விவரிக்கும் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். இந்தப் பிரிவில் கோடைத் தீர்மானிக்கும் எல்லாமே அங்கேதான் இருக்கிறது.

ஹைப்போஸ்பேடியாஸ் என்றால், சிறுநீர்த் துளை ஆண்குறியின் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கத்தில் எங்கோ அமைந்திருக்கும் பிறவிக் குறைபாடு. தலைப்பில் 'ஹைப்போஸ்பேடியாஸ் ரிப்பேர்' என்று இரண்டே சொல்தான் இருக்கும். ஆனால் சிபிடியில் (அமெரிக்க சிகிச்சைக் கோடுகளின் தொகுப்பு) அதற்கு 54300 தொடங்கி 54352 வரை பல கோடுகள். துளை எந்த இடத்தில் இருந்தது, வளைவை (கார்டீ) எவ்வளவு ஆழமாகப் பிரித்துச் சரிசெய்தார், சிறுநீர்க்குழாயை எதை வைத்துக் கட்டினார், இது எத்தனையாவது கட்டம் என்பதைப் பொறுத்துக் கோடு மாறும்.

நுனிக்கு அருகில் துளை இருந்து ஒரே கட்டத்தில் முடித்தால் 54322 முதல் 54328 வரை பாருங்கள். துளையை முன்னே நகர்த்தியது மட்டும் என்றால் 54322. பக்கத்துத் தோலை மடித்துக் குழாய் கட்டினால் 54324. அதோடு சிறுநீர்க்குழாயையும் விடுவித்து நகர்த்தியிருந்தால் 54326. வளைவுக்காக விரிவாகப் பிரித்தெடுத்தால் 54328. துளை அடிப்பகுதியிலோ விதைப்பை சேரும் இடத்திலோ இருந்தால் 54332, அதற்கும் பின்னால் பெரினியத்தில் (விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில்) என்றால் 54336.

புதியவர்கள் பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. இன்று பரவலாகச் செய்யப்படும் டிஐபி என்ற ஸ்நாட்கிராஸ் முறை (குழாய்த் தளத்தைக் கீறிச் சுருட்டிக் குழாயாக்குவது) 1994-இல் வந்தது. சிபிடி விளக்கங்களில் உதாரணமாக நிற்பவையோ மாக்பி, ஃபிளிப்-ஃபிளாப் போன்ற பழைய பெயர்கள். டிஐபி என்று தேடினால் கிடைக்காது. வழக்கமாக அது 54324 அல்லது 54326-இல் போய் நிற்கும். சிறுநீர்க்குழாயை விடுவித்ததாக நோட்டில் எழுதியிருக்கிறதா என்பதே அங்கே வித்தியாசம். எழுதவில்லை என்றால் சர்ஜனுக்கு க்வெரி (எழுத்தில் விளக்கம் கேட்பது) அனுப்புங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள். இரண்டாம் கட்ட சிகிச்சையிலும் இதே கதைதான்: கட்டிய குழாய் 3 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் 54308, அதிகம் என்றால் 54312. நீளத்தை எழுதாமல் விட்டுவிட்டால் கோடு போடவே வழியில்லை. அளவு எழுதச் சொல்லி சர்ஜன்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பது பெரிய உதவி.

ஒரே கட்ட டிஸ்டல் (நுனிக்கு அருகில்) கோடுகளின் விளக்கத்திலேயே 'கார்டீயோ சுன்னத்தோ இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்று இருக்கிறது. ஆகவே சுன்னத்துக்கு 54161 தனியாகச் சேர்த்தால் என்சிசிஐ எடிட்டில் (எந்தக் கோடுகளைச் சேர்த்துப் போடக்கூடாது என்ற விதிகள்) அடிபடும். நோயறிதல் கோடும் சிகிச்சையோடு பொருந்த வேண்டும். கியூ54.0 நுனி, கியூ54.1 தண்டு, கியூ54.2 விதைப்பை சேரும் இடம், கியூ54.3 பெரினியம். நோட்டில் இடம் தெளிவாக இருக்கும்போது கியூ54.9 போடாதீர்கள். இரண்டாம் கட்டத்துக்கு வரும் குழந்தைக்கு, 'சரிசெய்யப்பட்ட' குறைபாட்டுக்கான இசட்87.710 போடுவதும் தவறு. குறைபாடு இன்னும் முழுதாகச் சரியாகவில்லையே.

அப்புறம் மாடிஃபையர், அதாவது கோடோடு சேர்க்கும் இரண்டு இலக்க எண். இந்த ரிப்பேர்கள் 90 நாள் குளோபல் பீரியட் (பின்கவனிப்பும் அதே கட்டணத்தில் அடங்கும் காலம்) உள்ள சிகிச்சைகள். அந்த 90 நாளுக்குள், முன்பே திட்டமிட்ட அடுத்த கட்டம் என்றால் 58. புது குளோபல் பீரியட் அங்கே தொடங்கும். எதிர்பாராத சிக்கலால் மறுபடி ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனால் 78. அதில் அறுவை சிகிச்சைக்கான பங்கு மட்டுமே கிடைக்கும், புதிய குளோபல் கிடையாது. கட்டம் கட்டமாகச் செய்யும் எண்ணம் முதல் நோட்டிலேயே பதிவாகியிருந்தால் 58-ஐ நிரூபிப்பது சுலபம். ஃபிஸ்டுலாவை (கட்டிய குழாயிலிருந்து சிறுநீர் கசியும் ஓட்டை) மூட பெரும்பாலும் ஆறு மாதமாவது காத்திருப்பார்கள். அப்போது 90 நாள் கடந்திருக்கும், இந்த இரண்டுமே தேவைப்படாது. எளிதாக மூடினால் 54340, ஃபிளாப்போ (பக்கத்துத் தோல்) ஒட்டுத் தோலோ வைத்தால் 54344, விரிவாகப் பிரித்துச் செய்தால் 54348.

மாடிஃபையர் 63-ஐக் குழந்தை என்பதற்காகவே போட்டுவிடுகிறார்கள். அது 4 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கு மட்டும். ஹைப்போஸ்பேடியாஸ் பொதுவாக 6 முதல் 18 மாத வயதில் செய்யப்படுகிறது. அதற்குள் எடை அதைத் தாண்டியிருக்கும்.

சிறுநீரகத்திலிருந்து வரும் குழல்களை (யூரிட்டர்) சிறுநீர்ப்பையில் மறுபடி பொருத்தும் கேஸ்கள் இவ்வளவு சிக்கல் இல்லை. ஒரு பக்கம் திறந்த முறையில் 50780, குழலை ஒடுக்கித் தைத்தால் 50783. லேப்ராஸ்கோபி என்றால் 50947 அல்லது 50948. ரோபோ உபயோகித்தாலும் இதே லேப்ராஸ்கோபி கோடுதான்.

கடைசியாக, 'அழகுக்கான சிகிச்சை' என்று வரும் டினையலை அப்படியே விடாதீர்கள், அந்தப் பில் பெற்றோர் தலையில் விழக்கூடும். சிறுநீர் தாரை திசை மாறுவது, வளைவு எத்தனை பாகை என்பதெல்லாம் சர்ஜனின் கிளினிக் நோட்டில் இருக்கும். அதையும் ஆப்பரேட்டிவ் நோட்டையும் சேர்த்து, கெடு முடிவதற்குள் அப்பீல் போடுங்கள்.