ஐந்து யூனிட்டும் படிக்கணுமா சார்?

இணைப்புக் கல்லூரி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக முதலாம் ஆண்டுக்குக் கணிதம் நடத்துகிறேன். பொறியியல் முதல் செமஸ்டர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மதிப்பெண் கணக்கெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி. தன்னாட்சிக் கல்லூரி மாணவர்களும் வேறு ரெகுலேஷனில் படிப்பவர்களும் தங்கள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ கணிதத்தில் 94. முதல் இன்டர்னலில் 23. தப்பான படிப்பில் சேர்ந்துவிட்டேனா சார்?

இல்லை தம்பி. பிளஸ் டூவில் காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் என்று ஒரே கணக்கை ஏழெட்டு முறை யாரோ உங்களை எழுத வைத்தார்கள். இங்கே நான் ஒரு கணக்கை வகுப்பில் ஒருமுறை போடுவேன், அடுத்த வாரம் வேறு தலைப்புக்குப் போய்விடுவேன். மீதி ஆறு முறையை நீங்களாகவே எழுத வேண்டும். இதைச் சேரும்போதே யாரும் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

விடைத்தாளை எடுத்து, தெரியாமல் விட்டது எது, தெரிந்தும் தவறியது எது என்று பிரித்துப் பாருங்கள். நான் திருத்தும் தாள்களில் ஐகன் மதிப்பு (அணிப் பாடத்தில் வருவது) காணும் முறை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முப்படிச் சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும், அதற்குப் பிறகு எல்லாமே தவறு. பாடம் புரிந்திருக்கிறது, கைப்பழக்கம்தான் இல்லை. நோட்டை மூடிவைத்துவிட்டு தினம் இரண்டு கணக்கு எழுதுங்கள். போட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டே போவது கணிதம் படிப்பதாகாது.

மல்டிபிள் இன்டகிரல் ஏறவே இல்லை. ஐந்தாவது யூனிட்டை சாய்ஸில் விடலாமா?

அப்படி ஒரு சாய்ஸே கிடையாது. கணிதத் தாளில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, பதினாறு மதிப்பெண் வினா ஐந்து. 'அல்லது' போட்டு வரும் இரண்டு வினாக்களும் ஒரே யூனிட்டிலிருந்துதான் வரும். ஒரு யூனிட்டுக்கு இரண்டு சிறு வினா, ஒரு பெரிய வினா. அதை விட்டால் 20 மதிப்பெண் போயிற்று. இரண்டை விட்டால் மிச்சமுள்ள 60-க்குள் 45 எடுத்தாக வேண்டும். இன்டர்னல் 40-ம், நூற்றுக்கு எழுதும் தேர்வை 60-ஆகச் சுருக்கியதும் சேர்ந்து 50 வந்தால் மட்டும் போதாது, பல்கலைக்கழகத் தேர்வில் தனியாக நூற்றுக்கு 45 வேண்டும். இன்டர்னலில் 38 வாங்கிய மாணவி தேர்வில் 41 எடுத்து அரியர் வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்த யூனிட்டில் பயமே தொகையிடலுக்கு வரம்பு (எங்கிருந்து எதுவரை என்பது) போடுவதில்தான். படம் வரையாமல் வரம்பு எழுதாதீர்கள். பரப்பை வரைந்து, அதற்குள் ஒரு பட்டையை நிறுத்துங்கள். பட்டை எந்தக் கோட்டில் தொடங்கி எந்தக் கோட்டில் முடிகிறதோ அதுதான் உள்வரம்பு. இப்படிப் பத்து கணக்கு போட்டால் பயம் போய்விடும்.

அட்டென்டன்ஸ் 72. என்ன செய்வது?

75 வேண்டும். 65-க்கு மேல் இருந்து, உடல்நலமோ விளையாட்டுப் போட்டியோ உண்மையான காரணமாக இருந்தால், சான்றோடு இன்றே துறைத் தலைவரைப் பாருங்கள்.

அரசுப் பள்ளி, தமிழ்வழி. வகுப்பில் எல்லாம் ஆங்கிலம். எழுந்து கேள்வி கேட்கவே பயமாக இருக்கிறது சார்.

உங்களுக்குக் கணிதம் ஏற்கெனவே தெரியும் அம்மா, பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. மேட்ரிக்ஸ் என்பது நீங்கள் படித்த அணி. ரேங்க் என்றால் அணியின் தரம். ஃபங்ஷன் சார்பு, லிமிட் எல்லை, இன்டக்ரேஷன் தொகையிடல். பார்ஷியல் டெரிவேட்டிவ் என்கிறார்களே, அது பிளஸ் டூவில் வந்த பகுதி வகைக்கெழு. ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று எழுதி வாருங்கள். பிளஸ் டூ புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வகுப்பில் கேட்கத் தயக்கமா? ஸ்டாஃப் ரூமுக்கு வந்து தமிழிலேயே கேளுங்கள்.

நான் ஐ.டி.யில் பத்தாண்டாக இருக்கிறேன். தமிழில் குறிப்பெழுதச் சொல்லிப் பழக்காதீர்கள். தேர்வும் ஆங்கிலம், இன்டர்வியூவும் ஆங்கிலம்.

தேர்வு ஆங்கிலத்தில் என்பதால்தான் வலப்பக்கம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஆனால் புரிவது முதலில் நடக்க வேண்டும். புரியாத வாக்கியத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் நின்றுவிடும்.

நானும் தமிழ்வழிதான் சார். மனப்பாடம் செய்தே தேறினேன். அவர் சொல்வது சரி.

நீங்கள் தேறியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதே வழியில் போய் மூன்று செமஸ்டர் அரியரைச் சுமந்து, ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அறிவில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. 2010-லேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழில் பொறியியல் படிக்கலாம் என்று பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்ட பிறகு, ஒரு மாணவி தன் நோட்டில் தமிழில் எழுதுவதைத் தடுக்க நாம் யார்? இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஹாஸ்டலில் சீனியர்கள் ராத்திரி அறைக்குக் கூப்பிட்டு 'இன்ட்ரோ' கேட்கிறார்கள். போகலாமா?

போகாதீர்கள். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொன் நாவரசு என்ற முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. வார்டனிடம் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். வார்டன் அசட்டை செய்தால் தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.

எந்த லேப்டாப் வாங்கலாம்?

உங்கள் துறை சீனியரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது கணிதம்.

அரசின் புதுமைப் பெண் திட்டப் பணம் இரண்டு மாதமாக வரவில்லை.

கல்லூரியில் அதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரிடம் போங்கள்.

சார், முதல் மூன்று யூனிட் மட்டும் படித்தால் பாஸா?

மேலே எழுதியிருக்கிறேன். 60-க்குள் 45.

எந்த யூனிட்டை விட்டால் பரவாயில்லை?

எதையும் விடாதீர்கள். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

சார், நான்தான் அந்தத் தமிழ்வழி மாணவி. ஐகன் மதிப்புக்கு இடப்பக்கம் என்ன எழுதுவது? பிளஸ் டூவில் அது இல்லையே.

நல்ல கேள்வி அம்மா. பெயரை ஐகன் மதிப்பு என்றே எழுதுங்கள். கீழே இதை எழுதுங்கள்: ஓர் அணியால் பெருக்கும்போது பெரும்பாலான திசையன்கள் திசை மாறிவிடும். சில மட்டும் தம் கோட்டிலேயே நிற்கும், நீளம்தான் மாறும். எத்தனை மடங்காக மாறுகிறதோ அதுதான் அந்தத் திசையனின் ஐகன் மதிப்பு. குறை எண்ணாக வந்தால் அதே கோட்டில் எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்று பொருள். வலப்பக்கம் ஆங்கில வரையறையை நாளை வகுப்பில் எழுதிக்கொள்ளலாம்.