டி ஹீர் வெறும் அழகனா?

கேள்வி: யான்வில்லெம் ஃபான் டெ வேட்டரிங் எழுதிய ஆம்ஸ்டர்டாம் போலீஸ் நாவல்களில் இரண்டை ஆங்கிலத்தில் படித்தேன். சார்ஜென்ட் டி கியருக்குச் சுருள்முடி, மீசை, புல்லாங்குழல், சயாமியப் பூனை. துப்பு துலக்க இவையெல்லாம் எதற்கு? பெண் வாசகர்களைப் பிடிக்கச் செய்த ஒப்பனைதானே?

பதில்: இல்லை. முதலில் பெயர். 'கியர்' அல்ல, தொண்டையைச் செருமுவதுபோல 'ஹீர்'. டச்சு மொழியில் அதற்குப் பிணந்தின்னிக் கழுகு என்று பொருள். பார்த்ததும் மயக்குகிறவனுக்கு இப்படிப் பெயர் வைத்தவர் வெறும் ஒப்பனைக்காரராக இருக்க முடியாது. ராணுவச் சேவைக்குப் பதிலாக ஆம்ஸ்டர்டாம் ரிசர்வ் போலீஸில் ஓய்வு நேரத்தில் வேலை பார்த்தவர் அவர். எந்தக் கதவு எதற்குத் திறக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

டி ஹீரைத் தனியாகப் பிரித்துப் பார்த்ததில்தான் நீங்கள் தவறிவிட்டீர்கள். பக்கத்தில், அவனோடு சேர்ந்து துப்பு துலக்கும் மேலதிகாரி அட்ஜுடன்ட் ஹ்ரைப்ஸ்த்ராவை நிறுத்துங்கள்: பருத்த உடம்பு, கசந்துபோன இல்லறம். அலுவலக அறையில் எப்படியோ வந்து சேர்ந்து, யாரும் திரும்பக் கேட்காத டிரம்ஸ் ஒன்று கிடக்கிறது. அவர் தட்டத் தொடங்குவார், இவன் குழலை எடுப்பான். விசாரணையும் அதே ஜதைதான். பெரியவரின் கனம் இல்லாவிட்டால் இவன் வசீகரம் வெறும் சிரிப்பு. இவன் இல்லாவிட்டால் அவரிடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இவர்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். அழகையும் மூளையையும் ஒரே ஆளிடம் கொட்டிவிடுகிறார்கள். கூட வருகிறவருக்கு வேலையே இல்லாமல் போகிறது.

இன்னொன்று, அந்த அழகு அவனைக் காப்பாற்றுவதில்லை. காதலியையும் பூனையையும் இழந்தபின் ஜப்பானுக்குப் போகும் டி ஹீரைப் படித்துப் பாருங்கள். உயிர்மேல் பிடிப்பே இல்லாத ஆள். கியோட்டோவின் ஜென் மடத்தில் தங்கிப் பயின்ற ஆசிரியர், அந்த வெறுமையை அவசரப்பட்டு ஆற்றிவிடாமல் அப்படியே விட்டுவைக்கிறார். எனக்கு இந்த வரிசையிலேயே மிகவும் பிடித்த டி ஹீர் இவன்தான்.

1975-இல் வந்த முதல் நாவலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். பூனையோடு பழகாமல் நேரே ஜப்பானுக்குப் போனால் அந்த இழப்பு உறைக்காது. கொலையாளி யார் என்று தேடிப் பக்கங்களைத் தள்ளவும் வேண்டாம், குழலும் டிரம்ஸும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கின்றன. ருட்கர் ஹவுவர் டி ஹீராக நடித்த 1979 படத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலிலேயே அந்த முகம் மனதில் ஒட்டிக்கொண்டால், அழகைத் தாண்டி எதுவும் கண்ணில் படாது.